இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நிலவறை

ஜூலை 9, 1981. வியாழன்

அமெரிக்காவில் படிக்கிற தம்பி சந்தானத்திடமிருந்து பார்சல். நான் கேட்டது இரண்டு நல்ல நாவல். அவன் அனுப்பியிருப்பது பஞ்சாங்கம் போல ஒல்லியாக, முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம். அட்டை தைக்கப்படாமல் தனியாகக் கழன்று வருகிறது. அதன் உட்பக்கம் முழுக்க நீல மையில் ஒரு வரைபடம். கூடவே ஒரு சின்னப் பையில் ஐந்து பகடைகள். ஒன்றுக்கு நான்கு முகம், ஒன்றுக்கு இருபது முகம். எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்கள் தெரிய மேலே தேய்த்துக்கொள்ள ஒரு மெழுகுக் குச்சியும் வைத்திருக்கிறான்.

“அக்கா, இது நாவல் இல்லை, விளையாட்டு. ஒருத்தர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷத்தில் நடக்க வேண்டும். சண்டை, ஆபத்து என்று வந்தால் பகடை முடிவு செய்யும். உள்ளே என்ன இருக்கிறது என்பது நடத்துகிறவருக்கு மட்டும்தான் தெரியும். இங்கே விடுதியில் படிப்பை விட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். உனக்கும் பொழுது போகும்” என்று எழுதியிருக்கிறான்.

பதினாலு வருஷம் பூகோளமும் ஆங்கிலமும் நடத்தியவளுக்கு இந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்த பாடப்புத்தகத்தின் பெயர் ‘சாம்பல் அரசியின் நிலவறை’. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

காலை எடை 44. மாத்திரை பதினொன்று. ஊசி ஒன்று.

ஜூலை 10. வெள்ளி

இங்கே மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஓய்வு மணி. கட்டில்களை நீள வராந்தாவுக்கு உருட்டி வந்து வரிசையாகப் போட்டுவிடுவார்கள். மலைக்காற்று நல்லதாம். கண்ணை மூடிக் கிடக்கலாம், படிக்கலாம். பேச்சுச் சத்தம் கேட்டால் ஞானசெல்வம் சிஸ்டர் வந்து தலைமாட்டில் நிற்பாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். நிற்பதே போதும்.

எனக்கு இடது பக்கக் கட்டில் பேச்சியம்மாள். சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் ரயிலாக ஏறி வெள்ளரிக்காய் விற்றவள். வயது முப்பத்தொன்று. வலது பக்கம் ஜெய்லானி பீவி, மேலப்பாளையத்தில் பீடி சுற்றியவர், ஐம்பதைத் தாண்டியவர். பார்சலில் என்ன என்று இரண்டு பேரும் துளைத்தெடுத்தார்கள். சொன்னேன்.

கடைசிப் பக்கத்தில் ஆயத்தமாகச் சில வேஷங்கள் கொடுத்திருக்கிறார்கள். “பூட்டுத் திறக்கிற கள்ளன் ஒருத்தன் இருக்கான், எடுத்துக்கிறியா?” என்று பேச்சியைக் கேட்டேன்.

“ஏன் டீச்சர், ஆஸ்பத்திரிக்கு வந்த எடத்துலயும் எனக்குத் திருட்டுப் பட்டமா? வாளு வச்சிருக்கவளக் குடுங்க.”

“வாள் வச்சிருக்கறவன் ஆம்பள.”

“பொஸ்தகத்துலதான? நீக மாத்திச் சொல்லுங்க. யாரு வந்து கேக்கப்போறா?”

ஜெய்லானிக்கு வைத்தியச்சி வேஷம். பயணத்துக்கு ‘இரும்பு ரேஷன்’ ஒரு வாரத்துக்கு என்று போட்டிருந்தது. அப்படியே மொழிபெயர்த்தேன். கெட்டுப்போகாத தின்பண்டமாக இருக்கும் என்றேன். “பொருவிளங்கா உருண்டையா இருக்கும். அதுதான் இரும்பு” என்று பேச்சி முடிவு செய்துவிட்டாள்.

ஜூலை 13. திங்கள்

இறங்கினோம்.

புத்தகத்தில் கட்டம் கட்டிய வரிகளை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவை நடத்துகிறவரின் கண்ணுக்கு மட்டும் என்று விதி. இங்கே உரக்கப் படிக்க ஏது வழி? கிசுகிசுத்தேன். நீல வரைபட அட்டையை மடியில் மறைப்பாக நிறுத்திக்கொண்டேன். பகடை உருண்டு சத்தம் கேட்காமலிருக்க அதன் பின்னால் துண்டை நான்காக மடித்துப் போட்டேன். அவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள்.

பாழடைந்த கோட்டை. கிணற்றுக்குள் நாற்பத்தோரு படிகள். அடியில் தண்ணீர் இல்லை, ஒரு கதவு.

“கதவு எந்தப் பக்கமாத் தெறக்குது?” என்றாள் பேச்சி, கண்ணைத் திறக்காமல்.

புத்தகத்தில் அது இல்லை. “நம்ம பக்கமா” என்றேன்.

“அப்ப உள்ள இருக்கவன் தள்ளுவான். யக்கா, ஓரமா நில்லு.”

ஜெய்லானி கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஆடிக்காற்று சவுக்கு மரங்களில் புகுந்து ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் அந்தச் சத்தம் இப்படித்தான் கேட்கும் என்று தோன்றியது. நான்கு மணிக்குப் பாலும் முட்டையும் வந்தபோதுதான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

ஜூலை 16. வியாழன்

காலையில் பேச்சியின் சளிக் கோப்பையில் இரத்தம். நிறைய இல்லை. அவள் மூடியைப் போட்டு மூடி வைத்துவிட்டு, “மத்தியானம் எங்க விட்டோம் டீச்சர்?” என்றாள்.

ஏழாவது அறை. புத்தகத்தில் ஒன்றரை வரிதான்: நீள மண்டபம், உறங்கும் வீரர்கள் இருபது பேர், சத்தம் கேட்டால் விழிப்பார்கள். நான் படிக்கப் படிக்க வராந்தா முழுக்க இருபத்திரண்டு கட்டில்களிலும் மூச்சு ஏறி இறங்குவது கேட்டது. வீரர்களும் அப்படித்தான் மூச்சு விட்டார்கள் என்றேன். பேச்சி அவர்களுக்கு நடுவே நுனிக்காலில் போனாள். ஒருவன் விழித்துக்கொண்டான். ஈட்டி. துண்டின் மேல் பகடை உருட்டினேன். அவள் அங்கேயே செத்திருக்க வேண்டும்.

“ஈட்டி தப்பிப் போச்சு” என்றேன்.

ஒரே ஒரு முறைதான். இரத்தம் கக்கிய அன்றைக்கே ஒருத்தியைக் கொல்ல எனக்கு மனது வரவில்லை. இதில் என்ன தப்பு?

ஜூலை 21. செவ்வாய்

துணி துவைத்துப் போட்டேன். டாக்டர் மறுபடியும் வீட்டுக்குப் போகிற பேச்சை எடுத்தார். முதுகில் இன்னும் ஒரு குத்தல் இருக்கிறது, இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். “போன மாசமும் இதையேதான் சொன்னீங்க” என்றார். நோயாளிக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும்?

நிலவறையில் இன்று சண்டை எதுவும் இல்லை. கல்லில் குடைந்த ஒரு குளம். தண்ணீருக்கு அடியில் விளக்குகள் அணையாமல் எரிகின்றன. யார் ஏற்றினார்கள் என்று புத்தகம் சொல்லவில்லை. மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து பொருவிளங்கா உருண்டை தின்றோம். ஓய்வு மணி முடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 28. செவ்வாய்

மதியத் தூக்கத்தில் வரைபடத்துக்குள் நடந்தேன். சுவரெல்லாம் நீலம், கையை வைத்தால் கையிலும் ஒட்டியது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டில் எண் எழுதியிருந்தது. என் எண்ணைத் தேடினேன். கிடைக்காததில் ஒரு நிம்மதி இருந்தது. விழித்தபோது சிஸ்டர் என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 2. ஞாயிறு

பார்வையாளர் நாள். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனால் என் வீட்டுக்காரரால் வர முடியவில்லை. கடிதம் போட்டிருக்கிறார். “அவசரப்பட வேண்டாம் குமுதா. பூரணமாகக் குணமாகும் வரை அங்கேயே இருப்பதுதான் நல்லது. வீட்டுக்குப் பின்னால் விறகு அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன், காற்றோட்டமாக இருக்கும்.” நல்ல மனுஷர். மே மாதம் வந்தபோது கூட வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, நான் சிரமப்படக் கூடாது என்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

பேச்சியின் மகள் மாரிக்கனி வந்திருந்தாள். ஒன்பது வயது. அத்தையோடு கேட்டருகே நின்று, நிலவறை பற்றிச் சொல்லச் சொல்லி அம்மாவைப் பிடுங்கினாள். பேச்சி தூரத்திலிருந்தே கையை வீசி வீசி வாள்சண்டை போட்டுக் காட்டினாள். பிறகு அரை மணி நேரம் இருமினாள்.

ஆகஸ்ட் 6. வியாழன்

புத்தகத்தில் இருபத்தோராவது அறைக்குக் காவல் ஒரு அரக்கன். அடித்துத்தான் போக வேண்டும் என்று போட்டிருக்கிறது. பேச்சி அவனோடு பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். “எத்தன வருசமா நிக்கிறீரு? சோறு யாரு கொண்டாருவா? உக்காரச் சொன்னாகளா ஒருத்தராச்சும்?” என்று ஆரம்பித்து, கடைசியில் அவனே வழியைக் காட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று. ரயில் கிளம்புவதற்குள் விற்றுப் பழகியவள்.

ஜெய்லானி அரக்கனின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். “பாவம்மா, ஈரத்துல நின்னு நின்னு வெடிச்சிப் போயிருக்கும்” என்றார். அவன் காலில் புண் இருப்பதாக நான் சொல்லவே இல்லை. இருந்திருக்கும்தான்.

பகடை இன்றும் ஒரு முறை ஒத்துவரவில்லை. சரி செய்தேன்.

ஆகஸ்ட் 14. வெள்ளி

டாக்டர் பேச்சியை உட்கார வைத்துப் பேசினார். நானும் கூட இருந்தேன். வலது நுரையீரலின் மேல் பாகம் கெட்டுப்போய்விட்டது, மாத்திரை அங்கே எட்டவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டால் மீதி பிழைத்துக்கொள்ளும். விட்டால் மறுபக்கமும் போகும். மதுரையிலிருந்து அறுவை டாக்டர் செப்டம்பர் மூன்றாம் தேதி வருகிறார். அடுத்து வருவது தை மாதம்தான்.

“தை வரைக்கும் தாங்குமாய்யா?” என்று கேட்டாள்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “இப்பவே செஞ்சிட்டா நல்லது” என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். செய்துகொள்வாள். அவள் என்ன முட்டாளா?

ஆகஸ்ட் 20. வியாழன்

புத்தகம் முடியப் போகிறது. இன்னும் இரண்டு அறைகள்தான். கடைசிப் பக்கத்தை இப்போதெல்லாம் திருப்பிப் பார்ப்பதில்லை.

எடை 49.

ஆகஸ்ட் 24. திங்கள்

பாலம்.

பாதாளத்துக்கு மேலே கயிற்றுப் பாலம், அதற்கு அப்பால் அரசியின் மண்டபம், மண்டபத்திலிருந்து வெளியே போகும் வழி. அவ்வளவுதான் புத்தகம். இருபது முகப் பகடையில் ஐந்துக்கு மேல் விழுந்தால் பாலம் தாங்கும்.

பேச்சி இன்று கண்ணை மூடவில்லை. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “நான் மட்டும் முன்னால போறேன். உருட்டுங்க” என்றாள். கை கூப்பியிருந்தாள். காற்றுக்குப் போர்வையெல்லாம் அடித்துக்கொண்டது.

விழுந்தது பதினேழு. மூன்று என்று சொன்னேன். காலை வைத்ததுமே கயிறு முறுக்கவிழ்கிறது, நீ பின்வாங்கிவிட்டாய், இந்தப் பாலம் தாங்காது என்றேன்.

இருமல் அதிகமாக இருக்கிறது அவளுக்கு. இந்தக் காற்றில் கடைசி மண்டபம் வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான். வேறு வழி தேடலாம், பக்கத்தில் ஒரு சுரங்கம் இருக்கிறது என்றேன். அப்படி ஒரு சுரங்கம் இல்லை. நாளைக்குள் உண்டாக்கிவிடுவேன்.

ஆகஸ்ட் 25. செவ்வாய்

பேச்சி ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். “மாரிக்கனிய நெனச்சுப் பாத்தியா?” என்று கத்திவிட்டேன். சிஸ்டர் வந்து என் தலைமாட்டில் நின்றாள்.

ஆகஸ்ட் 27. வியாழன்

ஜெய்லானிதான் வாயைக் கிளறினார். இன்று ஓய்வு மணியில் பேச்சி சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எங்க ஊர்ல கல்யாணமோ கெணறோ, எதுன்னாலும் ஆத்தா முன்னால பூக்கட்டிப் பாப்போம். செவப்புப் பூ ஒரு பொட்டணம், வெள்ளப் பூ ஒரு பொட்டணம். வெள்ள வந்தா செய்யி, செவப்பு வந்தா வுட்டுரு. நெனச்சது என்னன்னு யாருக்கும் சொல்லக்கூடாது. ஒருக்காத்தான் கேக்கணும், மறுபடி கேட்டா ஆத்தாவ அவமதிச்ச மாதிரி. இங்க கோயிலு ஏது, பூ ஏது? டீச்சர் பகடைதான் எனக்கு. எத்தன எடத்துல என்னயக் காப்பாத்திருக்கு! அதான் பாலத்துல கேட்டேன். தாங்குனா மேசைல படுக்கேன், தாங்கலன்னா வேணாம்னு. மூணு விழுந்துச்சுல்ல. ஆத்தா வேணாங்கிறா.”

ஜெய்லானி, “எல்லாம் அல்லா விட்ட வழி” என்றார்.

பால் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஆகஸ்ட் 28. வெள்ளி

சொல்லவில்லை.

சொன்னால் இந்த ஏழு வாரமும் பொய் என்று ஆகிவிடும். அவள் குளத்தங்கரையில் உட்கார்ந்தது, அரக்கனைப் பேசி ஜெயித்தது எல்லாமே என் கைக்குள்ளிருந்து வந்ததாகிவிடும். டாக்டரே பேசி அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது. டாக்டரிடம் போய் இன்னொரு தரம் பேசச் சொன்னேன். பேசினார். அவள் சுவரைப் பார்த்தாள்.

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். இருமலுக்காக இல்லை, காற்றுக்காகவும் இல்லை. பாலத்தைத் தாண்டினால் கதை முடிந்துவிடும். முடிந்தால் நான் இங்கே கிடப்பதற்கு என்ன காரணம் சொல்வேன்? அதற்காகத்தான் மூன்று என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 29. சனி

சொல்லிவிட்டேன்.

“பதினேழு விழுந்தது பேச்சி. பாலம் தாங்கியிருக்கும். நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவள் என் வாயையே பார்த்தாள். “மத்ததெல்லாம்?”

“சிலது நிஜம். சிலது மாத்தினேன்.”

“ஈட்டி தப்புனது?”

“தப்பல.”

“பாம்புக் குழியில நான் தாவுனது?”

“தாவியிருக்க முடியாது.”

“அப்ப நான் எத்தன தடவ செத்தேன்?”

“நாலு.”

“நாலு தடவ” என்றாள் தனக்குத்தானே. அப்புறம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். “படிச்சவக நீக. தெரியாதவகள வச்சு வெளாட்டுக் காட்டிருக்கீக. அந்தப் பொஸ்தகத்த என் கண்ணு முன்னால வைக்காதீக.” கட்டிலைத் திருப்பிப் போடும்படி சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் ஏன் எதற்கு என்று கேட்காமல் திருப்பிப் போட்டாள்.

எனக்கு வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 30. ஞாயிறு

மாரிக்கனி வந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் துணி காயப்போடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 31. திங்கள்

ஓய்வு மணி இரண்டு மணி நேரம் என்பதே மறந்துபோயிருந்தது. எவ்வளவு நீளம்! சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டே இருக்கின்றன. ஜெய்லானி என் பக்கம் திரும்பி, “அந்தக் குளத்துல வெளக்கு இன்னும் எரியுமா டீச்சரம்மா?” என்று மெல்லக் கேட்டார். எரியும் என்றேன்.

செப்டம்பர் 1. செவ்வாய்

இரண்டரை மணி இருக்கும். பேச்சி எழுந்து வந்து என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாளா யோசிச்சேன். பொட்டணத்த எடுக்கச் சொல்லும்போது வெவரம் தெரியாத புள்ளயாப் பாத்து விடுவோம். ஏன்னு கேளுங்க. எது செவப்பு எது வெள்ளன்னு தெரிஞ்ச கை எடுத்தா அது பூக்கட்டிப் பாத்ததே இல்ல. ஆத்தா ஒண்ணுமே சொல்லல. பேசுனது பூராம் நீக.”

“அப்போ திரும்பக் கேளு. நீயே உருட்டு. நான் பகடைய இங்கயே வைக்கிறேன்.”

“கேக்கப் போறதில்ல. நாலு தடவ செத்தவளுக்கு இன்னொருக்காக் கேக்க என்ன இருக்கு? டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். படுக்கேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். என் அழுகையை அவள் கொஞ்ச நேரம் விட்டு வைத்தாள். பிறகு என் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இங்கிலீசு தெரியாது டீச்சர். ஆனா என் அட்டைல சளி பாக்குற கட்டத்துல கூட்டல் போட்டுருக்கு. உங்க அட்டைல நாலு மாசமா கழித்தல் போட்டுருக்கு. கூட்டல் கழித்தல் தெரியாமயா பத்து வருசம் ரயில்ல வெள்ளரிக்கா வித்தேன்?”

அட்டையை அவள் மடியிலிருந்து எடுத்துத் திரும்பக் கட்டிலில் மாட்டினேன்.

“நீக எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குத் தெரியும். நான் ஏன் வாயத் தெறக்கல? நீக போயிட்டா பொஸ்தகத்த யாரு படிப்பா? நானும் கள்ளிதான்.”

“வீட்டுல எனக்கு விறகு ரூம வெள்ளையடிச்சி வச்சிருக்காரு பேச்சி.” யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“இருக்கட்டும். விறக எடுத்து வெளிய போட்டவருக்கு உங்கள உள்ள விடத் தெரியாதா? போயி நில்லுங்க மொதல்ல.” அவள் இருமி முடிக்கும் வரை காத்திருந்தேன். “வியாழக்கெழம ஒம்போது மணிக்கு என்னயக் கொண்டு போறாக. ஒம்போது மணி பஸ்ஸுல நீக ஏறிரணும். வாசல்ல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. நீக நின்னா, என்ன விழுந்துருக்கோ அத மாத்திப் போடணும்னு உங்களுக்குக் கை துறுதுறுங்கும். எனக்கு விழுறது விழட்டும். ஏறிருவீகளா?”

ஏறிவிடுவேன் என்றேன். ஜெய்லானி சாட்சி.

செப்டம்பர் 2. புதன்

டாக்டரிடம் போய், போகிறேன் என்றேன். கையெழுத்துப் போடும்போது முதுகுக் குத்தலைப் பற்றி விசாரித்தார். இல்லை என்றேன்.

புத்தகம், பகடை எல்லாவற்றையும் ஜெய்லானியிடம் கொடுத்தேன். “எனக்குத் தமிழ்தான் படிக்க வரும், இத வச்சு என்ன செய்ய?” என்றார். நீலப் படத்தைப் பார்த்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொல்லுங்கள், நானும் பாதி அதைத்தான் செய்தேன் என்றேன்.

செப்டம்பர் 3. வியாழன். வீடு

எட்டே முக்காலுக்குப் பேச்சியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பச்சைத் துணி போர்த்தியிருந்தது. என்னைப் பார்த்து, “கெளம்பலியா?” என்றாள். பையைத் தூக்கிக் காட்டினேன்.

ஒன்பது மணி பஸ் கூட்டமாக இருந்தது. வெயில் பரவாயில்லை.

வீடு வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. அவர் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். விறகு அறையில் புதுக் கட்டில், புதுப் பாய், தனியாக ஒரு டம்ளர், தட்டு. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. காற்றோட்டம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 4. வெள்ளி

தபால் இல்லை. இன்றைக்கே தபால் எப்படி வரும்? நேற்றுத்தானே ஆயிற்று.

செப்டம்பர் 7. திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு, “இன்னும் ஒரு மாசம் ஓய்வெடுத்துக்கோங்களேன்” என்றார். கழித்தல் போட்ட தாள்கள் நான்கையும் மேஜை மேல் வைத்தேன். அடுத்த திங்களிலிருந்து வரலாம் என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு என்னையறியாமல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சவுக்கு மரச் சத்தம் கேட்கவில்லை. யாரோ அரிசி புடைக்கிற சத்தம். படிகள் எங்கே இருந்தன என்று தேடினேன். தபால் இல்லை. பேச்சி, நீ இருக்கிறாயா?

செப்டம்பர் 9. புதன்

ஜெய்லானியின் உள்நாட்டுக் கடிதம். பென்சிலில், அழுத்தி எழுதியிருக்கிறார். இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

“டீச்சரம்மாவுக்கு ஜெய்லானி எழுதுவது. அல்லா கிருபையில் பேச்சி நலம். ரெண்டு மணிக்கு வெளியே கொண்டு வந்தார்கள். மறுநாள்தான் நல்லா முழிச்சாள். கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, டீச்சர் ஒம்போது மணி பஸ்ஸில் ஏறினாங்களா என்று. வராந்தாவிலிருந்து நான் எல்லாம் பார்த்தேன். ஒம்போது மணி பஸ்ஸை விட்டீர்கள், பத்தரை பஸ்ஸை விட்டீர்கள், பன்னெண்டு பஸ்ஸையும் விட்டீர்கள். கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் பையைக் கூடக் கீழே வைக்காமல் நின்றீர்கள். ஒண்ணே முக்காலுக்குத்தான் ஏறினீர்கள். இன்னும் கால் மணி நேரம் நின்றிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். பேச்சியிடம் சொன்னேன், அந்த ஒம்போது மணி பஸ்ஸிலேயே ஏறிட்டாங்க புள்ள, திரும்பிக் கூடப் பார்க்கலை என்று. அவள் சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். இந்தப் பொய்க்கு அல்லா என்னை மன்னிப்பான். மற்ற விவரம் பின்னால்.”

அடுக்களையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் பதறிப்போய் நிலைப்படி வரை வந்தார். அங்கேயே நின்றார்.

“என்ன ஆச்சு குமுதா? யாரு?”

“என் சிநேகிதி. பொழச்சிட்டா.”

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு விறகு அறைக்குப் போனேன். பாயைச் சுருட்டினேன். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன், நல்ல கனம். வாசல் வரை இழுத்துவிட்டேன், அதற்கு மேல் ஒற்றை ஆளால் முடியவில்லை. “ஒரு கை பிடிங்க, வீட்டுக்குள்ள போடணும்” என்றேன்.

அவர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தூக்கிய பக்கத்தைக் கீழே விடவில்லை. கடைசியில் அவர் வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.